சாயங்காலத்தைக் கோத்தவள்

மதுரையில், வைகையின் வடகரையில், மேற்கு முக்கில் ஒரு மருந்துக்கடையும் கிழக்கு முனையில் ஆற்றுக்கு இறங்கும் படிகளுமாக நீண்டு கிடக்கும் கம்பிக்காரத் தெருவில், ஒரு நாள் பொழுது சாய்கிற அளவுக்குச் சாய்ந்துவிட்டு, அதற்கு மேல் சாயாமல் நின்றுவிட்டது. அது எப்படி நின்றது என்றுதான் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பார்கள். தெருக்காரர்களோ அதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது, யார் வீட்டுக் கொடியில் என்ன காய்ந்துகொண்டிருந்தது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது என்றெல்லாம் சொல்வார்கள். நின்றுபோன வெளிச்சத்தில் அவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது அதெல்லாம்தான்.

தெருவின் நடுவில் ஒரு ஓட்டுவீட்டில் மங்கையர்க்கரசி பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். மங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். மயிலையும் மாங்காயையும் அவள் ஒருபோதும் மணியில் கொண்டுவந்ததில்லை. குழாயடியில் வரிசை போட்ட பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்து, நீலமும் பச்சையும் ரோசும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு கழுத்துமாலை. மழை விட்ட பிறகு ரோட்டுத் தண்ணீரில் வண்டி எண்ணெய் படர்ந்து மினுங்கியதைப் பார்த்து ஒரு ஜோடித் தோடு. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகளைப் பார்த்து, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கறுப்பு மணி வைத்த மெல்லிய சரடு, அதில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு மணிகள் ஒட்டி நிற்கும், அவை சண்டை போட்டுக்கொண்டிருந்த காக்கைகள். பள்ளிக்கூட டீச்சர்களும் பேங்க்கில் வேலை பார்க்கும் பெண்களும் தேடி வந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, தங்கள் கழுத்தில் ஒரு குழாயடி கிடப்பதை மற்றவர்களுக்குக் காட்டுவார்கள்.

ஒரு பழக்கம் மட்டும் அவளுக்கு மாறாதது. எவ்வளவு பொருத்தமாகக் கோத்தாலும், கழுத்துக்குப் பின்னால், கொக்கிக்குப் பக்கத்தில், கொஞ்சமும் சேராத நிறத்தில் ஒரே ஒரு மணியைச் சேர்ப்பாள். அவளுக்குத் தெரிந்த மணிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். திருஷ்டி மணி என்று பெயர். அச்சு அசலாக ஒன்று அமைந்துவிட்டால் கண் பட்டுவிடும், ஒரு பிசகு இருந்தால் கண் அதில் போய் நின்றுவிடும் என்பார்கள்.

அவளுடைய கணவர் சொக்கலிங்கம் பரோட்டா மாஸ்டர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. தினமும் சாயங்காலம் வெயில் மஞ்சளிக்கும்போது, துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்குக் கிளம்புவார். ஊர் உறங்கிய பிறகு மாவும் எண்ணெயும் மணக்க வந்து படுப்பார். அன்றைக்கு அவர் கிளம்பவில்லை. நுரையீரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய பிறகு, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். மத்தியானம் வந்து பார்த்த டாக்டரம்மா, வாசலுக்கு வெளியே மங்கையைக் கூட்டிப்போய், "இந்த ராத்திரியைத் தாண்டுறது கஷ்டம்மா. சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும்னா சொல்லிடுங்க" என்றாள்.

சொல்வதற்குப் பெரிதாக யாரும் இல்லை. பிள்ளை இல்லாத வீடு. மங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, அதனால் நைலான் நரம்பை எடுத்துக் கோக்கத் தொடங்கினாள். கண்ணுக்கு எதிரில் இருந்ததைத்தான் கோத்தாள். எதிர்வீட்டுச் சுவரில் விழுந்த வெயிலுக்கு நல்லெண்ணெய் நிறத்தில் மணி, அந்தச் சுவரில் காரை பெயர்ந்த இடத்துக்குச் செங்கல்பொடி நிறத்தில் மணி, பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவின் தையல் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த துணிக்கு வெளிறிய ஊதா, டீ கிளாசின் அடியில் மிஞ்சியிருந்ததற்கு ஒன்று, புறாவின் கழுத்துக்கு ஒன்று, தெரு நெடுகக் கிழக்கே நீண்டு கிடந்த நிழல்களுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் வரிசையாகச் சில, மேற்கே மருந்துக்கடைக் கூரைக்கு மேல் நின்ற சூரியனுக்குப் பழுத்த நார்த்தை நிறத்தில் நடுமணி. அவள் அதுவரை கோத்ததில் அவ்வளவு பொருந்தி வந்தது எதுவும் இல்லை. சேராத மணியை எடுத்து டப்பா மூடியில் வைத்தபோது கட்டிலிலிருந்து, "மங்க, தண்ணி" என்று குரல் வந்தது. எழுந்து போய், தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கொக்கியைப் போட்டு முடிச்சை இறுக்கி, மாலையை ஜன்னல் ஆணியில் மாட்டினாள். சேராத மணி மூடியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு இருட்டவில்லை.

முதலில் தெரு தன் கடிகாரங்களைத்தான் சந்தேகப்பட்டது. டீக்கடைக் காசிமாயன் சாயங்கால டீயைப் போட்டுக்கொண்டே இருந்தான், பால் தீர்ந்த பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த தெருப் பள்ளிவாசலில் சூரியன் அடைந்ததும் சொல்கிற மக்ரிப் பாங்கைக் கேட்ட மெஹருன்னிசா, சூரியன் அப்படியே நிற்பதைப் பார்த்து, முக்குவரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "அங்கிட்டு இருட்டிருச்சு, இங்கிட்டு இருட்டலை" என்று, அங்கே மழை பெய்கிறது இங்கே பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனாள். மருந்துக்கடையின் மேற்குச் சுவரோடு வெயில் துணி கத்தரித்தது போல முடிந்தது. அதைத் தாண்டினால் ஊருக்கு என்ன நேரமோ அந்த நேரம். நாய்கள் அந்தக் கோட்டின் மேல், முன்னங்கால் சாயங்காலத்திலும் பின்னங்கால் நடுநிசியிலுமாகப் படுத்துப் பழகிக்கொண்டன.

தெருவுக்குப் பெரிய தொந்தரவு இருட்டு இல்லாததல்ல, எப்போதும் விளக்கு வைக்கிற நேரமாக இருந்ததுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக்கூடாது, வீட்டைக் கூட்டக்கூடாது, உப்பும் ஊசியும் கடன் கொடுக்கக்கூடாது, தலைவிரித்து நிற்கக்கூடாது. அப்படியானால் எப்போதுதான் படுப்பது, எப்போதுதான் கூட்டுவது என்று பெண்கள் குழாயடியில் கூடிப் பேசினார்கள். பேசிப் பேசி, ஏற்றின விளக்கை அணைக்காமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பது, விளக்குக்கு முன்னால் ஒரு திரையைப் போட்டுவிட்டால் அந்த வீட்டில் படுக்கலாம், கூட்டலாம், உப்பும் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. சாமிகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திரை போட்டாலும் கம்பளியைத் தொங்கவிட்டாலும் ஓட்டின் சந்துகள் வழியே அந்த மஞ்சள் வெளிச்சம் வந்து குழந்தைகளின் இமையில் உட்கார்ந்தது. குழந்தைகள் தூங்காமல் சிணுங்கின. கூடு திரும்புகிற நேரம் முடியாததால் குருவிகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அடுத்த தெருவுக்குக் குடிபோயின.

மாலையைக் கண்டுபிடித்தவள் மெஹருன்னிசாதான். கஞ்சி கொண்டு வந்தவள் ஜன்னல் ஆணியைப் பார்த்து, மாலையைக் கையில் வாங்கி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஒரு மணிகூடப் பிசகா இல்லையே."

மங்கை டப்பா மூடியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டிலைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்ன ராத்திரி வந்தபாடில்லை. மாஸ்டரின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாலையை மெதுவாக வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"மெஹரு, யார்ட்டயும் சொல்லாத."

மெஹருன்னிசா சொல்லத்தான் செய்தாள், ஆனால் ராத்திரி வந்தால் மாஸ்டருக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதனால், மாலையை அறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று கிளம்பி வந்த கூட்டம், காசிமாயனை முன்னால் விட்டுவிட்டு வாசலில் தயங்கி நின்றது. அவன் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்து, தலையைச் சொறிந்தான்.

"என்ன மாஸ்டரே, எப்படி இருக்கீக?"

"சாயங்காலமா இருக்கேன்டா" என்றார் மாஸ்டர். மூச்சுக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

காசிமாயன் மங்கையைப் பார்த்தான். வந்த விஷயம் அவன் முகத்தில் இருந்தது, அவள் பதில் அவள் முகத்தில் இருந்தது. "மதினி, பால் எதுவும் வேணும்னா சொல்லுங்க, புள்ளைககிட்ட குடுத்து விடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வெளியே நின்றவர்களில் ஒருத்தி, "கேட்டியாண்ணே?" என்றாள். "நீ போய்க் கேளு ஆத்தா, ஒனக்குத்தான் வாய் நீளம்" என்றான் அவன். அவள் போகவில்லை. யாரும் போகவில்லை. பக்கத்துத் தெருவில் சொந்தம் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தார்கள். சொந்தம் இல்லாதவர்கள் சொந்தம் கொண்டாடிக்கொண்டு போய்ப் படுத்தார்கள். பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு சம்பந்திகள் அப்படித்தான் ஒரே மொட்டைமாடியில் படுத்துப் பேசத் தொடங்கினார்கள்.

மங்கை எங்கும் போகவில்லை, உறங்கவும் இல்லை. தான் கண்ணை மூடினால் அந்த மூடலுக்குள் ராத்திரி நுழைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். சுவரில் சாய்ந்தபடி, ஒரு கண் கட்டிலிலும் ஒரு கண் ஆணியிலுமாக இருப்பாள். தலை தொங்கும்போது திடுக்கிட்டு நிமிர்ந்து, முதலில் வெளிச்சத்தைப் பார்ப்பாள், பிறகு நெஞ்சைப் பார்ப்பாள். டாக்டரம்மா வரும்போதெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்த்து, "கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்பாள். "அப்ப பொழைச்சுக்கிட்டாகன்னு சொல்லுங்களேன்" என்று மங்கை கேட்டால், "நான் சொன்னது சொன்னதுதாம்மா. ராத்திரின்னு ஒண்ணு வரணும்ல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போவாள்.

இப்படித் தெரு மாஸ்டருக்காகப் பொறுத்துக்கொண்டது. பொறுத்துக்கொண்ட ஒன்று, கொஞ்ச நாளில் பழகிப்போனது. பழகிய ஒன்று, இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமல் முடியாது என்று ஆனது.

மல்லிகை மொட்டு அந்தத் தெருவில் விரியவில்லை என்பதை ஒரு பூக்காரி தற்செயலாகக் கண்டாள். இருட்டினால்தானே அது வாய் திறக்கும். இங்கே இருட்டு இல்லை, அதனால் காலையில் பறித்த மொட்டு மறுநாளும் அதற்கு மறுநாளும் மொட்டாகவே, அரிசி போல இறுகி, வாடாமல் இருந்தது. பூ வியாபாரிகள் தெருவில் அறை பிடித்துக் கூடை கூடையாக அடுக்கினார்கள். வீடுகள் வாசனையால் நிறைந்தன, ஆனால் அது மலர்ந்த பூவின் வாசனை அல்ல, மலரப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு வாசனை. பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். அந்த மஞ்சள் வெயிலில் யார் முகமும் அழகாயிருந்தது. கோபக்காரியின் முகத்தில்கூட ஒரு கனிவு தெரிந்தது. ஊரெங்கிலுமிருந்து தரகர்கள் பெண்களைக் கூட்டி வந்து, கம்பிக்காரத் தெருவில் ஏதோ ஒரு வீட்டை அத்தை வீடு என்று சொல்லி உட்காரவைத்தார்கள். தள்ளிப்போன கல்யாணங்கள் கூடி வந்தன. மெஹருன்னிசாவின் மகள் ஷமீமாவுக்கும் அப்படி ஒரு இடம் கேட்டு வந்திருந்தார்கள். வார்டு உறுப்பினர் ஒலிபெருக்கி வைத்து, தெருவிளக்கே தேவைப்படாத தெருவைத் தந்தவன் நான் என்று பேசினார். கைதட்டினார்கள். அவர் கழுத்தில் போட்ட மாலையிலும் மொட்டுகள் விரியாமலே இருந்தன.

அந்த நாள்களில் ஒன்றில்தான் மாஸ்டர் மங்கையைக் கூப்பிட்டார்.

"மங்க, இங்க வா. உக்காரு."

உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும். அந்த ஆணியில மாட்டியிருக்கது என்னான்னு தெரியும்."

"பேசாதீக மாமா, மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். எத்தனை நாளா நான் கடைக்குக் கெளம்புற நேரமாவே இருக்கு, தெரியுமா ஒனக்கு? துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டேன். செருப்பை மாட்டிட்டேன். போயிட்டு வாரேன்னும் ஒங்கிட்டச் சொல்லிட்டேன். வாசல்ல நிக்கிறேன்டி. நின்னுக்கிட்டே இருக்கேன். காலு வலிக்குது."

"இந்த வெளிச்சம் போனா நீங்களும் போயிருவீக."

"ஆமா."

"நான் என்ன பண்றது?"

மாஸ்டர் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அது ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டையைத் தூக்கி வைப்பது போல ஏறியது. வலிப்பது ஒருநாளும் முகத்தில் தெரியாத மனிதர் அவர். இப்போது எல்லாருடைய முகத்தையும் அழகாகக் காட்டும் அந்த வெளிச்சத்திலும் அவர் முகத்தில் அது தெரிந்தது. தான் பிடித்து வைத்திருந்தது மாஸ்டரை மட்டுமல்ல, அந்த வலியையும்தான் என்பதை மங்கை அப்போது கண்டாள். காணாமல் இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. கண்டதை வேறு மணிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள்.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து, நரம்பு வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

அதை எதிர்வீட்டிலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். தெரு ஓடி வந்தது. முன்பு அறுக்கச் சொல்லிக் கேட்க வந்து கேட்காமல் போன அதே ஆட்கள், இப்போது அறுக்காதே என்று கேட்க வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"மதினி, மதினி, கத்தரியக் கீழ போடுங்க" என்றான் காசிமாயன். "பூக்கூடை அம்புட்டும் ஒண்ணா விரிஞ்சுரும்."

"எம் மகளைப் பாக்க நாளைக்கு வாராக, ஒரே ஒரு நாள் பொறுத்துக்க ஆத்தா" என்றாள் வாய் நீளமானவள்.

"ஒரு நாள், ஒரு நாள்னு சொல்லித்தான நானும் இம்புட்டு நாள் ஓட்டினேன்" என்றாள் மங்கை. "அவுகளால முடியலை. போகணும்னு கேக்குறாக."

கட்டிலிலிருந்து மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. தெரு கெட்ட தெரு அல்ல. அவருக்காகத் தூக்கத்தைக் கொடுத்த தெருதான். கொடுத்ததிலிருந்து தனக்கு ஒன்று கிடைத்துவிட்டதால் இப்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெஹருன்னிசா உள்ளே வந்தாள். அவள் மட்டும் தினமும் மக்ரிப் தொழுகைக்காகச் சூரியன் அடைவதைப் பார்க்க முக்குவரை போய் வருகிறவள்.

"அக்கா, ராத்திரி நம்ம தெருவுக்குத்தான் வரலை. முக்குல வந்து நிக்கிதுல்ல, தினமும். மாஸ்டரைக் கூட்டிட்டுப் போவோம்."

மங்கை அவளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஆணியில் மாலை, கையில் கத்தரிக்கோல். அறுத்தால், அறுத்தது கத்தரிக்கோல்தான் என்று இருந்துவிடலாம். ஆனால் முக்குவரை நடப்பதென்றால் ஒவ்வொரு அடியையும் அவள் காலால்தான் எடுத்துவைக்க வேண்டும்.

மாஸ்டரின் பக்கம் திரும்பினாள். "போவமா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

கட்டிலோடு தூக்கினார்கள். கால்பக்கம் முன்னால் வருகிற மாதிரி அவசரத்தில் தூக்கியபோது காசிமாயன் கத்தினான்: "ஏய், திருப்புங்கடா! தலைமாட்டை முன்னால விடுங்க. உசுரோட இருக்க மனுசன்டா." திருப்பினார்கள். மாஸ்டர், "இவனுகளுக்குப் பரோட்டா திருப்பவும் தெரியாது, கட்டில் திருப்பவும் தெரியாது" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். மங்கை யாரையும் கேட்காமல் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள், அது பெண்கள் பிடிக்கிற காலில்லை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

தெரு நெடுக மல்லிகை மொட்டின் வாசனைக்குள் போனார்கள். தெரிந்த சுவர்கள், தெரிந்த நிழல்கள், அவளுடைய மணிகளில் இருந்தவை எல்லாம், ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மருந்துக்கடையை நெருங்கியபோது அவள் கால் நின்றது. கட்டிலும் நின்றது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் முதலில் தாண்டினாள்.

அந்தப் பக்கம் அப்போதுதான் அந்தி. அன்றன்றைக்கு வருகிற சாதாரண அந்தி, கறுத்துக்கொண்டிருந்த வானம், ஹாரன் அடிக்கும் ஆட்டோக்கள். சாத்தியிருந்த ஒரு கடையின் முன்னால் கட்டிலை இறக்கினார்கள். இருட்டு எல்லோர் மேலும் இறங்குகிற மாதிரியே மாஸ்டர் மேலும் இறங்கியது. அவர் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டார். "அப்பாடா" என்றார். நெஞ்சு, மூட்டை எதையும் தூக்காமல், லேசாக அசைந்தது. தூங்கினார்.

மங்கை கட்டிலை ஒட்டித் தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் சட்டத்தின் வழியே நீண்டிருந்த அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருக்காரர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவள் உட்கார்ந்தபடியே சரிந்ததையும், சரிந்தவள் பாயில் சாய்ந்ததையும், அவ்வளவு நாளாக மூடாமல் வைத்திருந்த கண்கள் மூடிக்கொண்டதையும் அவர்கள் பார்த்தார்கள். அவள் குறட்டை விட்டாள், வாயைத் திறந்துகொண்டு, ஒரு குழந்தையைப் போல.

மாஸ்டர் எப்போது போனார் என்று மங்கைக்குத் தெரியாது. கிழக்கே வெளுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், போர்வையைச் சரிசெய்யப் போன மெஹருன்னிசாவின் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் நிமிர்ந்த விதத்தைப் பார்த்துத் தெருவுக்குத் தெரிந்தது. பெண்கள் முந்தானையை எடுத்தார்கள், ஒருத்தி ஒப்பாரிக்குத் தொண்டையைத் திறந்துகொண்டு எழுந்தாள். மெஹருன்னிசா பாயைப் பார்த்தாள். அந்த விரல்களை விடாமல் பிடித்தபடியே மங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் மெஹருன்னிசா மெல்ல. "யாரும் சத்தம் போடாதீங்க. விடியட்டும்."